பாஞ்சாலிக்காக வாங்கிய வண்டி

ஒரகடத்தில் ஆலைகள் வந்த புதிதில் ஒரே ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஆள் ஏற்றத் தொடங்கியவன் திருமலை. பிறகு வேன்கள் கூடின, டிரைவர்கள் வந்தார்கள். ஆனாலும் காலையில் ஒரு டிரைவர் வராமல் போனால் அவனே லுங்கியை மாற்றிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவான். ஐம்பது வயதைத் தாண்டியும் அதில் அவனுக்குக் கூச்சம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில் ஒருநாள் வெளிநாட்டு மின்சாரக் கார் ஒன்று, கறுப்பாக, சின்ன அறை ஒன்றின் அளவுக்கு வந்து நின்றது.

ஊரில் யாரும் நல்ல மாதிரி பேசவில்லை. மகள் பூஜாவுக்கு வீடு கட்ட வைத்திருந்த குன்றத்தூர் மனையை விற்றுத்தான் வாங்கினான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய மச்சான் கன்னியப்பன் முகத்துக்கு நேரே கேட்டான்.

"இன்னா மாமா, செல்போன் மாதிரி ராவெல்லாம் சார்ஜ் போட்டுகினு இருப்பியா? நமக்கு எதுக்கு இதெல்லாம்?"

"உன் அக்காவுக்குடா" என்றான் திருமலை.

அவன் மனைவி பாஞ்சாலி, மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து எடுத்தபின் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு முதுகு வலி என்றாள். முதலில் தைலம் தேய்த்தார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. சென்னை ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து கதிர்வீச்சு எடுத்துக்கொண்டால் வலி குறையும் என்றார் டாக்டர். "எலும்பு உளுத்துப் போயிருக்கு. குலுங்காமக் கூட்டிட்டு வாங்க" என்றும் சொன்னார்.

ஒரகடத்திலிருந்து சென்னைக்குக் குலுங்காமல் போவதற்கு வழியே இல்லை. லாரிகள் தோண்டிப் போட்ட பள்ளங்கள், ஒவ்வொரு ஆலை வாசலிலும் வேகத்தடை, மேம்பாலம் கட்டுகிறோம் என்று கிளறி விட்ட மண். முதல் முறை சிகிச்சைக்கு அவர்களுடைய பழைய காரில்தான் போய் வந்தாள். பின்சீட்டில் படுத்து, துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய திருமலைக்கு, வாழ்நாளில் முதல் முறையாகத் தனக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை என்று தோன்றியது.

சிகிச்சை முடிந்து வலி கொஞ்சம் அடங்கியதும் கார் தேட ஆரம்பித்தான். பல ஷோரூம் ஏறி இறங்கினான். விற்பனைப் பையன்கள் தொடுதிரையையும் பாட்டுப் பெட்டியையும் காட்டினார்கள். அவன் எல்லாரிடமும் ஒன்றையே கேட்டான். "பள்ளத்துல எறங்குனா எப்டி இருக்கும்?" கடைசியில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் போகலாம் என்றான் பையன். திருமலை வீட்டுக்குப் போய்ப் பாஞ்சாலியை முன்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, சிப்காட் தொழிற்பேட்டையின் பின்பக்கம் லாரி மட்டுமே போகிற சாலையில் இறக்கினான். அந்த வண்டியில் ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரங்களுக்கு மேலே காற்றடைத்த ரப்பர் பைகள். பள்ளத்தில் இறங்கியது தெரியவில்லை, ஏறியதும் தெரியவில்லை. பையன் எதையோ விளக்கிக்கொண்டே வந்தான். திருமலை கையைக் காட்டி அவனை நிறுத்தினான். பாஞ்சாலி தூங்கியிருந்தாள்.

வண்டி வந்ததும் வாசலில் மும்முனை மின்சாரம் இழுத்து சார்ஜர் மாட்டினார்கள். சாயங்காலத்தில் ஊரெல்லாம் ஏசி போட்டால் மின்னழுத்தம் இறங்கி, சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். மறுபடியும் போய் மாட்ட வேண்டும். தெரு நாய் ஏதாவது அடியில் வந்து படுத்தால் வண்டி கிளம்பினாலும் எழுந்திருக்காது, சத்தம் இல்லாததால். ஒவ்வொரு தடவையும் இறங்கிக் குனிந்து பார்த்து விரட்டிவிட்டுத்தான் எடுப்பான். எதையும் அவன் தொந்தரவாக நினைக்கவில்லை.

அந்தச் சில மாதங்கள் அவர்கள் தினமும் வெளியே போனார்கள். வெயில் தாழ்ந்ததும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போய் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். கட்டிலில் படுத்தால் வராத தூக்கம் பாஞ்சாலிக்கு அந்த சீட்டில் வந்தது. தூக்கம் வராத நாட்களில் பேசினாள். வீட்டில் இருபத்தைந்து வருஷம் சோறு, குழம்பு, ஷிப்ட் நேரம் தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் இருந்ததில்லை.

ஒருநாள் அவள் முன்பு வேலை பார்த்த செல்போன் ஆலைக்குப் போகச் சொன்னாள். அது மூடிப் பல காலம். கேட்டுக்கு எதிரே நிறுத்தினான்.

"அந்தக் கம்பத்தாண்டதான் நம்ம வேன் நிக்கும்" என்றாள்.

"தெரியும். நான்தான ஓட்டுனேன்."

"நீ ஓட்டுன. நான் கடைசி சீட்டுல உக்காந்துகினு வருவேன். ஓனர் பொண்டாட்டி முன்னால உக்காந்தா மத்த பொண்ணுங்க பேச மாட்டாளுங்கன்னு."

"நீ பின்னால உக்காந்தும் அவளுங்க பேசல."

"அதுவும் தெரியும்" என்று சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்பதால் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "லைன்ல நின்னு வேலை பாத்தப்ப எனக்கு சந்தோசமாத்தான் இருந்திச்சு. உங்கிட்ட சொன்னதில்ல" என்றாள்.

மழைக்காலம் முடியும்போது வலி இடுப்புக்கு வந்தது. மறுபடியும் கதிர்வீச்சு என்றார் டாக்டர். இந்த முறை திருமலை பயப்படவில்லை. முதல் சில நாட்கள் பாஞ்சாலி தூங்கிக்கொண்டே போய் வந்தாள். அதன் பிறகு ஒரு காலை அவன் வாசலுக்கு வந்தபோது, கால் மடங்கிய மாடு போல வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தின் மேலிருந்த காற்றுப் பை கிழிந்திருந்தது. திரையில் சிவப்பு எழுத்தில் ஓட்டாதே என்று வந்தது.

தட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சர்வீஸ் சென்டரில் அவர்களைக் கவனித்துக்கொண்டவன் சுபாஷ் என்ற இளைஞன். மரியாதையானவன்.

"பார்ட் வெளிநாட்ல இருந்து வரணும் சார். வழியில இருக்குன்னு காட்டுது."

"எப்ப வரும்?"

"அது காட்டல சார்."

அதுவரை ஓட்ட வேறு ஒரு கார் கொடுத்தார்கள். நல்ல கார்தான், ஆனால் சாதாரண ஸ்பிரிங் வைத்தது. அதில் பாஞ்சாலியைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். முடிந்தவரை மெதுவாகத்தான் ஓட்டினான். தண்டலம் தாண்டும்போது முன்னால் போன லாரி சடாரென்று நின்றது. திருமலை பிரேக்கை மிதித்தான். கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாஞ்சாலி போட்ட சத்தத்தில் பக்கத்தில் பைக்கில் போனவன் திரும்பிப் பார்த்தான்.

ஓரமாக நிறுத்தினான். அவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"வூட்டுக்குத் திருப்பு."

"இன்னும் கொஞ்ச தூரந்தான், பல்லக் கடிச்சிக்க."

"திருமலை" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. "திருப்பு."

திருப்பினான். அதன் பிறகு அவள் எந்த வண்டியிலும் ஏறச் சம்மதிக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரவழைத்தான். ஸ்டிரெச்சரைக் கண்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டரிடம் வலிக்கு மாத்திரை எழுதி வாங்கி வந்தார்கள். முதலில் ஒன்று போதுமாக இருந்தது, பிறகு அதுவும் போதவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த பூஜா, அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டுக் கத்தினாள். கத்திக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட, போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

திருமலை தினமும் சர்வீஸ் சென்டருக்குப் போய் உட்கார்ந்தான். குளிரூட்டிய அறை, காபி மெஷின், மெத்தை நாற்காலி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வண்டி சக்கரம் கழற்றி உயரத்தில் நின்றது. சுபாஷைப் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினான்.

"வேற ஏதாவது ரப்பர் வச்சாவது நிறுத்திக் குடு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போயி வர நாலு நாள் ஓடுனா போதும்."

"வேற போட்டா வண்டி ஒத்துக்காது சார். கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். நகரவே நகராது." அவன் குரலில் வருத்தம் இருந்தது. அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

வேன்களைப் பார்க்கும் மெக்கானிக் நாகப்பனை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனான். ரேடியேட்டர் குழாய் கிழிந்தால் சைக்கிள் டியூபைச் சுற்றி ஊர் கொண்டுவந்து சேர்க்கிற ஆள். அவன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தான். "ண்ணா, எனக்கு இதுல எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரில" என்றான்.

பார்ட் வந்தது, மாட்டியும் முடித்தார்கள். சுபாஷ் போனில் சொன்னபோது திருமலை வேன் ஷெட்டில் இருந்தான். உடனே போய், வண்டியை எடுத்துக்கொண்டு அதே சாலையில் வீட்டுக்கு வந்தான். வண்டி முன்பு போலவே மிதந்தது. வழியெல்லாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான்.

பாஞ்சாலி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். குனிந்து, "வண்டி வந்துடிச்சு" என்றான்.

"சத்தமே கேக்கல."

"அது சத்தம் போடாது பாஞ்சாலி."

"ஆமால்ல" என்றாள்.

கன்னியப்பனும் நாகப்பனும் வந்தார்கள். படுக்கை விரிப்போடு அப்படியே தூக்கிக்கொண்டு போய் சீட்டில் கிடத்துவது என்று பேசிக்கொண்டார்கள். பூஜா தலைப்பக்கம் பிடித்தாள். கட்டிலிலிருந்து ஒரு சாண்கூட உயர்த்தியிருக்க மாட்டார்கள். பாஞ்சாலியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, கத்துவதற்கும் தெம்பில்லாத சத்தம்.

"வுட்டுடுங்க" என்றான் திருமலை. "எறக்குங்க."

கட்டிலிலிருந்து வாசல்வரை கூடமும் இரண்டு படியும்தான். அதைக் கடக்க முடியவில்லை. கதவைத் திறந்து வைத்தபடியே வண்டி அன்று முழுக்க நின்றது. யாருக்கும் போய்ச் சாத்தத் தோன்றவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், பூஜா ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது பாஞ்சாலி போய்விட்டாள். காரியம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் ஆறுதல் சொன்னார். "நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க. கதிர்வீச்சு முழுசா எடுத்திருந்தாலும் ஆயுள் கூடியிருக்காது. வலிதான் குறைஞ்சிருக்கும்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். 'வலிதான்' என்ற அந்தச் சொல்லைத் திருமலையால் இறக்கி வைக்க முடியவில்லை. கடைசி நாட்களில் அவள் பட்டது அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது.

பூஜா அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டாள். திருமலையும் எடுக்கவில்லை. ஓட்டாமல் நின்றதில் உள்ளேயிருந்த சின்ன பேட்டரி செத்து, கதவுகூடத் திறக்காமல் போனது. சுபாஷ் ஆள் அனுப்பிச் சரிசெய்தான். விற்றுவிடலாம் என்று பூஜா விளம்பரம் போட்டாள். குன்றத்தூரிலிருந்து தாண்டவராயன் என்ற ஒப்பந்தக்காரர் மனைவியோடு வந்தார்.

"வச்சிருந்தவர் நீங்க, சொல்லுங்க. வண்டி எப்டிங்க?" என்று கேட்டார்.

"நல்ல வண்டிங்க. பள்ளமே தெரியாது."

"குறைன்னு எதுனா?"

திருமலை சொல்லத்தான் நினைத்தான். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் அந்த அம்மாள் முன்சீட்டில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்து, "எவ்ளோ சௌரியமா கீது" என்றாள். "ஓட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன், அவர்கள் திரும்பி வந்தபோது வெளியே வரவில்லை. மீதியைப் பூஜாதான் பேசி முடித்தாள்.

வீட்டில் இருக்க முடியாமல் பழையபடி வேன் ஓட்டப் போனான். அதுவும் சரிவரவில்லை. வேகத்தடையைக் கண்டால் தூரத்திலேயே கால் தானாக பிரேக்குக்குப் போனது. பள்ளம் வந்தால் வேனை நிறுத்தியே விட்டான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. "அண்ணே, பஞ்சிங் டைம் போச்சுன்னா அரை நாள் சம்பளம் பூடும்ணே" என்று பெண்கள் முதலில் தயவாகச் சொன்னார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். ஆலையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த திங்கட்கிழமை ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வரும் முன்பே, நடுச்சாலையில் வேனை நிறுத்தி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அவன் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். பின்சீட்டிலிருந்த ஒரு பெண் எழுந்து வந்து, "அண்ணே, இன்னா பண்ணுது?" என்று தோளைத் தொட்டாள்.

"ஒண்ணுமில்லமா. குலுங்குது" என்றான்.

நாகப்பன் வந்து வேனை எடுத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து திருமலை எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ஷெட்டுக்கு நடந்தே போகிறான், டிரைவர்கள் கிளம்பும்வரை நின்று பார்க்கிறான், நடந்தே வீட்டுக்கு வருகிறான்.