குழாயடியில் கிடைத்த பதில்

கோயில் குடும்பத்தாரே, இதைச் சொல்ல எழுந்து நிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனா ஆண்டவர் செஞ்சதை மறைச்சா அது இன்னும் பெரிய வெட்கம்.

நான் அந்தோணி. ராயபுரத்துல குடியிருக்கேன். துறைமுகத்துல மூட்டை இறக்குறவன். யுத்தம் முடிஞ்ச மறுவருஷம், மழைக்காலத்துல, என் சம்சாரம் லூர்துக்கு டைபாய்டு காய்ச்சல் வந்துது. டாக்டர் கையை விரிச்சுட்டார்.

"இதுக்குன்னு தனியா மருந்து கிடையாதுப்பா. கொதிக்க வெச்ச தண்ணி, கஞ்சித் தெளிவு, சுத்தமான துணி. இதுதான் மருந்து. வூட்ல யார் இருக்கா பாத்துக்க?"

யாரும் இல்ல. கொருக்குப்பேட்டையில இருக்கிற என் அக்காவைக் கூப்பிட்டேன். "எனக்கும் கொயந்தைங்க கீதுங்கடா"ன்னு அழுதா. காய்ச்சல் ஒட்டிக்கும்னு பயம். அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால முட்டி போட்டேன். "அப்பா, ஒரு பொம்பளையை அனுப்பும். வூட்டு வேலை எனக்குத் தெரியாது." அவ்வளவுதான் என் ஜெபம். யாரும் வரல.

கப்பலடியில அத்தனை பேர் பாக்க மூட்டை சுமந்தவன் நான். ஒரு குடத்தைத் தூக்கிகினு தெருக்குழாய்க்குப் போகக் கால் வரல. துண்டால மூடி எடுத்துகினு போனேன். கூட வேலை செய்யறவன் ஒருத்தன் பாத்துட்டான்.

"இன்னா மாமு, பொடவையும் கட்டிகினு வந்திருக்கலாமே!"

குழாயடியே சிரிச்சுது. குடத்தை அங்கியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன்.

உள்ள லூர்து படுக்கையை அசிங்கம் பண்ணிட்டுக் கிடந்தா. பொடவையை மாத்தப் போனேன். எலும்பா இருந்த கையால இறுக்கிப் புடிச்சுகினா.

"நீங்க தொடாதீங்க. என்னைச் சாக வுடுங்க."

நாலு பேர் சிரிச்சதுக்குத் தண்ணியில்லாம வந்து நிக்கிறேன் நான். என் கை பட வெட்கப்பட்டுச் சாவைக் கேக்கிறா இவ. தலை குனிஞ்சு அழுதேன். "சூசையப்பா, ஆள் வேணாம். என் கூச்சத்தை எடும்."

திரும்பப் போனேன். என் குடம் ரொம்பி நின்னுது. எங்க தெருவுல மீன் விக்கிற பாக்கியம் பக்கத்துல நின்னுகினு இருந்தா.

"தூக்குண்ணே. அண்ணி எயுந்துக்கிற வரிக்கும் மொதல் கொடம் உன்னுது. எவன்னா சிரிச்சான்னா நான் பேசிக்கிறேன்."

இந்த வாட்டி லூர்து தடுக்கல. பொடவையை மாத்தி, வெந்நீர்ல துணி அலசினேன். கஞ்சி அடி புடிச்சுது, மறுபடி வெச்சேன். பெருக்கினேன், மெழுகினேன், அப்புறம் மூட்டை தூக்கப் போனேன். லூர்து தினம் செஞ்சதை நான் ஒரு வேலைன்னே நினைச்சதில்ல. ஒரு உசுரு போகாம புடிச்சு வைக்கிற வேலை அதுன்னு என் கைக்குத் தெரிஞ்சுது.

மழை வெறிச்ச ஒரு காலையில அவ உடம்பு குளிர்ந்துது. ஒரு வாய் குடிச்சுட்டு, "கஞ்சியில உப்பே இல்லியே"ன்னா. நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு அழுதேன்.

இப்ப அவ நல்லா இருக்கா. நானும் பாத்திரம் துலக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன். யாராவது எட்டிப் பாத்தா இன்னும் முகம் கூசுது, பொய் சொல்லல. ஆனா கை நிக்கிறதில்ல.

உங்க வூட்ல கஷ்டம்னா சூசையப்பர்கிட்ட கேளுங்க. மாதாவையும் ஏசுவையும் வெச்சு அவரும் குடும்பம் நடத்தினவர்தான். கேட்டுட்டு, எழுந்து துடைப்பத்தை எடுங்க. அவர் உங்க கூட நிப்பார்.