நாலாவது பாட்டுக்கு அனுமதி கேட்டேன்

விதி இதுதான்: ராணுவ வளாகத்தைப் படம் எடுக்கக் கூடாது, அங்கே நடப்பதைப் பதிவு செய்யக் கூடாது. அவசியம் என்றால் முன் அனுமதி பெற வேண்டும். ‘முன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சரி, சுவருக்கு உள்ளே கிளம்பி வெளியே வந்துவிடும் சத்தத்துக்கு இந்த விதி பொருந்துமா? விதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. விதி வாய் திறக்காத இடத்தில்தான் நான் பேனாவை எடுப்பேன்.

எங்கள் வீடு சென்னையை ஒட்டிய பட்டாபிராமில். மொட்டை மாடியில் நின்றால் ராணுவ சைடிங்கின், அதாவது ராணுவச் சரக்கு ரயில்கள் வந்து நிற்கும் கிளைப்பாதையின், சுவர் தெரியும். சுவருக்கு அப்பால் சரக்கு வேகன்களைக் கோப்பார்கள். ஒரு வேகன் அடுத்ததை இடிக்க, அது அதற்கடுத்ததை இடிக்க... டங், டங், டங் என்று சத்தம் வரிசையாக ஓடித் தூரத்தில் போய் அடங்கும். எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை.

மகள் கயல் இந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். இப்போது கிளாஸ்கோவில் சவுண்ட் இன்ஜினியர். சொந்தக்காரர்களிடம் ‘இன்ஜினியர்’ என்பதைச் சத்தமாகவும் ‘சவுண்ட்’ என்பதை மெதுவாகவும் சொல்வோம். இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களும் இரண்டு ஜப்பானியர்களும் சேர்ந்து ஓர் ஆல்பம் போடுகிறார்கள். அதற்கு மிக்ஸிங் அவள்தான். அவள் தனியாகச் செய்யும் முதல் ஆல்பம்.

“என்ன மாதிரிப் பாட்டும்மா?” என்று கேட்டேன்.

“‘இண்டி பாப்’புப்பா. பெரிய கம்பெனி இல்லாம சின்னக் குழுக்களே போடுற பாட்டு.”

அனுப்பியதைக் கேட்டேன். அதிர்வே இல்லை. பக்கத்து பிளாட்காரர் தூங்குகிறார், எழுப்பிவிடாதே என்று யாரோ சொல்லி வைத்தது போலப் பாடுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பையன் ஒரு வரி, ஜப்பானியப் பெண் ஒரு வரி. ஒன்றும் புரியவில்லை, ஆனால் நிறுத்தவும் தோன்றவில்லை. என் வயதில் ரத்த அழுத்தத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடைக்காது என்று நினைத்தேன். பிறகு நடக்கப் போவதை யார் கண்டார்கள்?

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ஹருகோ, போன குளிர்காலத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் சி படிவம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெண் ஷூவைக் கழற்றுவதற்குள் நான் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிவிட்டேன். விதிமுறையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அன்று வரை.

ஒரு நாள் விடியற்காலையில் காபியோடு மாடிக்குப் போனால், பூனைக்குட்டி போல ரோமம் வைத்த மைக்கைக் கைப்பிடிச் சுவரில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். குருவிச் சத்தம் பிடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அத்தோடு விட்டேனா? “கொஞ்சம் பொறும்மா, இப்போ வேகன் கோப்பாங்க, நல்லா இருக்கும்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். சொல்லி வைத்த மாதிரி கோத்தார்கள்.

அந்தச் சத்தம்தான் நாலாவது பாட்டு ஆகிவிட்டது.

எனக்கு எப்படித் தெரிந்தது? ஆல்பத்தின் அட்டையில் அச்சாகும் விவரங்களைப் பிழை பார்க்கச் சொல்லி கயல் அனுப்பினாள். கடைசி வரி: ‘வேகன் ஓசை பதிவு செய்யப்பட்ட இடம் – பட்டாபிராம், கயலின் அப்பா வீட்டு மொட்டை மாடி.’

எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த வளாகத்தின் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்தை ஒரு வெளிநாட்டுப் பெண் பதிவு செய்கிறாள். என் மாடியில். எப்போது வேகன் கோப்பார்கள் என்று அவளுக்குச் சொன்னது யார்? நான். அதை அச்சடித்து உலகம் முழுக்க விற்கப் போகிறார்கள்.

சாரதா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “ஏங்க, அந்தச் சத்தம் தானாத்தானே நம்ம வீட்டுக்கு வருது? நாமளா போய் எடுத்தோம்?”

“அது வாதம். அனுமதி இல்லையே.”

“தெருவுல போறவன் காதுல கூடத்தான் விழுது. அவன் அனுமதி வாங்கிட்டா நடக்கிறான்?”

என் மனைவிக்கு நிர்வாக அனுபவம் கிடையாது. அதனால் தெளிவாகச் சிந்திக்கிறாள்.

என் பழைய அலுவலகத்துக்கே கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, இணைப்புகள் எல்லாம் முறைப்படி. ஒலிப்பதிவுக்குப் பின்னேற்பு அனுமதி வேண்டி – அதாவது, செய்துவிட்ட காரியத்துக்கு இப்போது சம்மதம் கேட்டு. பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுக் கயலுக்குப் போன் செய்தேன். பதில் வரும் வரை அந்தப் பாட்டை வெளியிட வேண்டாம் என்றேன்.



“அப்பா, யாராச்சும் உங்களைக் கேட்டாங்களா?”

“கேட்டப்புறம் சொன்னா தப்பு இல்லையாம்மா?”

“அந்தப் பாட்டே அந்தச் சத்தத்து மேலதான் நிக்குது. டிரம்ஸ் கிடையாது, வேகன்தான் தாளம். இங்க வந்ததுல இருந்து நான் பண்ணினதுலயே எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்.”

“பதில் வந்துடும்மா.”

“மாசக் கடைசி வரைக்கும்தான் நிறுத்தி வைக்க முடியும். அதுக்கு மேல எல்லாரும் எனக்காகக் காத்திருக்க மாட்டாங்க.”

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே... வாசலில் வண்டி நின்றால் ராணுவ ஜீப்போ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுக்கு வந்த தண்ணீர் கேன் வண்டி அது. தெரியாத எண்ணில் இருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. பிறகு எடுக்காதது தப்போ என்று திருப்பிக் கூப்பிட்டேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்றாள் ஒரு பெண். வேண்டாம் என்று மிகுந்த நிம்மதியோடு சொன்னேன். ஹருகோவின் விசாவுக்கு ஏதாவது ஆகுமா? இனி அவள் இந்த நாட்டுக்குள் வர முடியுமா? சி படிவத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறதே?

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் தேவராஜைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னேன். டீயை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“இன்னா சார் நீ. சும்மா தூங்கிகினு கீற ஆளை எழுப்பி, நான் உன்னை எழுப்பலாமான்னு கேட்டுகினு கீறியே.”

“விதின்னு ஒண்ணு இருக்கே தேவராஜ்.”

“கீது சார், யார் இல்லேன்னா? பொண்ணு பாட்டுப் போட்டுச்சா, நல்லா கீதான்னு கேட்டமா, வேலையப் பாத்தமான்னு இல்லாம... இப்ப இன்னா, அந்த லெட்டரை வாங்கின கிளார்க்கு நிம்மதியா சோறு துன்னுவான்னு நினைக்கிற? அவனும் இப்ப உன்ன மாதிரிதான் பயந்துகினு கீறான்.”

அது உண்மை என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். இப்படி ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சரி என்று எழுதினால் நாளைக்கு என் கழுத்து. கூடாது என்று எழுத விதியில் இடம் இல்லை. எனவே வேறொரு பிரிவுக்குக் கருத்துக் கேட்டு அனுப்புவேன். அவர்கள் இன்னொரு பிரிவுக்கு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்காத வரை அங்கே தடை எதுவும் இல்லை. கேட்டுவிட்டால், பதில் வரும் வரை அதுவே தடை. தெரியாமல் வெளியிட்டோம் என்று கயல் சொல்லியிருக்கலாம். அந்த வழியைக் கையெழுத்துப் போட்டு அடைத்தவன் நான். இனி அனுமதி இல்லாமல் அவள் அதை வெளியிட்டால் அதுதான் நிஜமான குற்றம்.

நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். நேரில் போனேன். வரவேற்பில் இருந்த இளைஞர் மரியாதையாக எழுந்து நின்றார். “உங்க லெட்டர் மேல போயிருக்கு சார்” என்றார். நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொன்னவன்தான். மேலே என்று ஓர் இடம் கிடையாது.

மாசக் கடைசியில் கயல் கூப்பிட்டாள்.

“எடுத்துட்டேன்பா.”

“பாட்டையா?”

“சத்தத்தை. ஹருகோ டிரம்ஸ்ல குச்சிக்குப் பதிலா பிரஷ்ஷை வெச்சு மெதுவா ஒரு தாளம் வாசிச்சுக் குடுத்தா. அட்டையில அந்த வரியையும் எடுத்தாச்சு. நீங்க இனிமே நிம்மதியா இருக்கலாம்.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கொஞ்சம் பொறு, இன்னொரு தடவை போய்க் கேட்கிறேன்” என்றேன். “வேணாம்பா, விடுங்க” என்றாள். களைத்த குரல். நான் விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு ஃபைலை நான் இவ்வளவு சீக்கிரம் மூடியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து நானும் சாரதாவும் முழுக்கக் கேட்டோம். நாலாவது பாட்டு வந்தது. இதமாகத்தான் இருந்தது. எங்கோ மழை தூறுகிற மாதிரி பிரஷ் ஓடியது. அந்தப் பையன் பாடினான், அந்தப் பெண் பாடினாள். நான் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு ‘டங்’குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

சாரதா கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னாள். “நல்லாத்தான் இருக்கு. எந்த ஊர்ப் பாட்டுன்னுதான் தெரியல.”

நான் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

தபால்காரர் வந்தார். ஒரே ஒரு தாள், ஒரே ஒரு வரி: ‘தாங்கள் குறிப்பிட்டுள்ள ஒலிப்பதிவு தொடர்பாக இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.’ பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். கீழே தேதியும் போட வேண்டும், அதுதான் முறை. போட்டேன் – ஆல்பம் வெளியான வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை.