நிறுவைக் கணினிக்குத் தனி வழி

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கூட்டுவதும் தேநீர் கொடுப்பதும் என் வேலை. அங்கே ஒரு பெரிய கணினிக்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று கொழுந்து நிறுவைக்கு, மற்ற இரண்டும் அலுவலகத்துக்கு. கொழும்பிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் கம்பனியில் என் மகள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். கூட்டுகிறவன் மகளா என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் திரையில் எடை தாமதமாக விழுந்துகொண்டிருந்தது. மகள் சொன்னாள்: "லயத்து வீட்டுல எல்லா காம்பராவுக்கும் ஒரே ஆளு தண்ணி மோந்து ஊத்துற மாதிரிப்பா. நிறுவைக்கு மட்டும் நேரா ஒரு பைப்பு இழுத்து விடப் போறேன்."

மறுநாள் பகல் நிறுவையில் எடை சட்டென்று விழுந்தது. ஆனால் மற்ற இரண்டு கணினிகளும் நின்றுபோயின. என் போன் அடித்தது.

"அப்பா, மூணுக்கும் லைன் வர்ற நெட்வொர்க் கார்டுல நிறுவைக்கு ஒரு பங்க மட்டும் குடுக்கணும். முழுசையும் குடுத்துட்டேன். இப்ப எனக்கே உள்ள போக வழியில்ல. பெரிய மெசின நிறுத்தித் திரும்பப் போட்டா பழையபடி வந்துரும். கிளாக்கரையா போன எடுக்குறாரு இல்ல, நீங்க சொல்லுங்க."

நிறுத்தினால் நிறுவையும் நிற்கும். மடுவத்தில் பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். இத்தனை வருடத்தில், நிறுவைக் கணக்கு எழுதும் கிளாக்கரையாவிடம் நானாகப் பேச்சைத் தொடங்கியதில்லை. மடுவத்துக்குப் போய் வெறுங்கையோடு அவர் முன் நின்றேன்.

"என்னாண்ணே, டீய மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஐயா, கூட்டுறப்ப வயர் ஒன்னத் தட்டிட்டேன். மெசின ஒருக்கா நிறுத்திப் போடணுங்க."

மகள் பெயர் கெடக்கூடாதென்று வாயில் வந்த பொய் அது. அவர் முறைத்துவிட்டு நிறுவையை நிறுத்தினார். அலுவலகத்துக்கு வந்து தானே கணினியை நிறுத்திப் போட்டார். எல்லாம் திரும்பி வந்தன. மேசையிலிருந்த அவருடைய போன் அடித்தது. மகள்தான். ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க கூட்டுற ஆளு வயரத் தட்டிட்டான் மிஸ். இப்ப சரி."



"இல்லைங்க சேர். தப்பு என்னோடது. ரிப்போர்ட்லயும் அப்புடித்தான் எழுதப் போறேன். அவரு எங்கப்பா."

"ஏன்யா சொல்லல?" என்றார் கிளாக்கரையா. நான் போய் அவருக்குத் தேநீர் ஊற்றினேன்.

அடுத்த நாள் அவள் ஒரு பங்கை மட்டும் சரியாகக் கொடுத்தாள். இப்போது எடை உடனே விழுகிறது. கம்பனியில் அந்த ரிப்போர்ட்டைப் படித்தவர்கள் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு மாதம் அடுத்த வாரம் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா என்று மகளிடம் கேட்கப் பயந்து இதை எழுதி வைக்கிறேன்.

2024 மார்ச் 17, ஞாயிறு.