ஐந்து பிராங்க் மாடு

1977 மார்ச், திங்கட்கிழமை. பன்னிரண்டு கறவை மாடு வாங்குவதற்காக வளைகுடாவில் நான் வேலை பார்த்த அல்-அய்னிலிருந்து பிரான்ஸ் நாட்டுக்குப் புறப்பட்டேன். திரும்பும்போது பதின்மூன்று இருந்தன. அந்தப் பதின்மூன்றாவது மாடு எப்படி என் தலையில் விழுந்தது, அதனால் ஒரு பெண்மணிக்கு என்ன பறிபோயிற்று என்பதைத்தான் எழுதப்போகிறேன். அந்த மாட்டின் ஊர் எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய மட்டும் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். என் அர்பாப், அதாவது முதலாளி, பேரீச்சையும் ஒட்டகமும் போதும் என்று இருந்த மனிதர். எங்கோ ஒரு விருந்தில் பிரெஞ்சு வெண்ணெய் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த வெண்ணெய் தரும் மாடே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. அதனால் துபாய் தேராவில் துணிக்கடை வைத்திருக்கும் காசிம் பாயைத் துணைக்கு அனுப்பினார். பாய் காரைக்கால்காரர். அந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அங்கே பள்ளிக்கூடம் போனவர்.

அல்-அய்னிலிருந்து துபாய்க்கு ஷேர் டாக்சி, ஆளுக்குப் பதினைந்து திர்ஹம். அங்கிருந்து விமானத்தில் பாரிஸ். மறுநாள் மேற்கே இரண்டரை மணி நேரம் ரயில். இறங்கிய இடத்திலிருந்து வால்மெர்னி என்ற அந்த ஊருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். வாடகைக் காருக்கு முப்பது பிராங்க். ஓட்டுநர் பாயின் பேச்சைக் கேட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை வண்டியையே நிறுத்திவிட்டார்.

"எங்கே இந்தப் பாஷை படிச்சேன்னு கேக்குறாரு தம்பி" என்றார் பாய்.

"என்ன சொன்னீங்க?"

"ஒங்க ஆளுவதான் எங்க ஊர்ல இருநூறு வருசம் இருந்தாவன்னு சொன்னேன். அப்டி ஒரு ஊரக் கேள்விப்பட்டதே இல்லையாம். இருநூறு வருசம் தம்பி! ஒரு நா வந்துட்டுப் போன விருந்தாளியக்கூட நாம மறக்க மாட்டோம்."

பாய்க்கு முகம் தொங்கிவிட்டது.

வால்மெர்னி சின்ன ஊர். ஒரு கடைவீதி, ஒரு மாதா கோவில், மூன்று காப்பிக்கடை. அதைத் தாண்டினால் புல். மார்ச் மாதத்தில் அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. கோவில் சுவரைத் தடவி, "ஐநூறு வருசம் இருக்குமுங்களா?" என்று வாயைப் பிளந்தேன். மேயர் சிரித்தார். அவரும் மாடு வைத்திருப்பவர்தான். சாணி அப்பிய பூட்ஸோடு எங்களை வரவேற்றார். அந்தச் சுவர் என்னைவிட இளையதாம். உலகப் போரில் ஒரே இரவில் ஊர் தரைமட்டமாகிவிட்டதாம். பிறகு அதே கல்லைப் பொறுக்கி, அதே மாதிரி கட்டினார்களாம்.

"ஜெர்மன்காரன் குண்டு போட்டானுங்களா?"

பாய் கேட்டுச் சொன்னார்: "இல்ல தம்பி. இவங்கள மீட்க வந்தாவளே, அவங்கதான் போட்டாவளாம்."

"அப்புறம் எதுக்குங்க கோவில் முன்னால நட்டிருக்கற அந்தக் கல்லுல அவங்க பேரை எழுதிப் பூ வெச்சிருக்குது?"

"அதையும் கேட்டுட்டேன். மீட்டதும் அவங்கதானேங்குறாரு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வீட்டை இடித்தவனுக்குப் பூ வைக்கிறார்கள். இவர்களே இருநூறு வருடம் இருந்த காரைக்கால் மட்டும் நினைவில் இல்லை. காப்பி குடித்தோம், கோப்பை இரண்டு பிராங்க். அந்தக் கசப்பில் குழப்பம் இன்னும் கூடியது.

வியாழக்கிழமை சந்தை. அதற்குள் பன்னிரண்டு மாடுகளைப் பார்த்து, பல் பிடித்து, மடி தடவி, பாயின் வாய்ச் சாமர்த்தியத்தால் நல்ல விலைக்கே பேசி, ஏற்றுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு. கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாட்டியது போல் ஒரு வளையம். அந்தச் சந்தோஷத்தில் சந்தையைச் சும்மா சுற்றி வந்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது அப்போதுதான்.

ஓரமாக ஓர் அம்மாள் ஒரே ஒரு மாட்டோடு நின்றுகொண்டிருந்தார். பெயர் ஓடெத். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்; ஒரு முழங்கால் மடங்காது. போரில் அந்த ஊர் மாடுகள் எல்லாம் செத்து, காட்டுக்குள் ஓடிய ஒன்றே ஒன்று பிழைத்ததாம். அது ஓடெத்தின் அப்பாவுடையது. அதன் வம்சத்தில் கடைசியாக மிஞ்சியது இந்த மார்கெரித். கால் முடியாததால் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு விற்க ஓட்டி வந்திருந்தார். அந்த வம்சம் ஊரைவிட்டு வெளியே போனதில்லை. போகவும் விட மாட்டார்களாம். இதையெல்லாம் யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம்.

நான் மாட்டைப் பார்த்து நின்றதைக் கண்டு, ஓடெத் குறும்பாக ஏதோ சொல்லி உள்ளங்கையை நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஒங்க ஒட்டகத்துக்குப் பொண்ணு வேணும்னா கூட்டிட்டுப் போங்க, அஞ்சு பிராங்குதான்னு கேலி பண்ணுது" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்ல கேலியைக் கேட்டால் நம் ஊரில் என்ன செய்வோம்? எதிராளியின் கையில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டிச் சிரிப்போம். நானும் அந்த நீட்டிய கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

சிரிப்பு நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கறுப்பு அங்கி போட்ட தரகர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, மாட்டின் புட்டத்தில் கத்தரிக்கோலால் மயிரைக் கத்தரித்து அடையாளம் போட்டார். ஓடெத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன தம்பி காரியம் பண்ணிட்டிய?" என்று பாய் தலையில் கை வைத்தார். "இங்க கையடிச்சா வெல முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமாமே!"

எங்கள் சந்தையில் பேரம் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து நடக்கும். வெளியே தெரியும் கை சிரிப்பதற்கு மட்டும்தான். அதை நான் யாருக்கு எப்படி விளக்குவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் நின்றேன். "வேண்டாமுங்க, விளையாட்டுங்க, மாடு உங்களோடதுங்க" என்று தமிழிலேயே புலம்பினேன். பாய் பிரெஞ்சில் கெஞ்சினார். ஓடெத் தலையை ஆட்டிவிட்டார். முடியாது.

மேயர் எங்களைத் தனியே அழைத்துப் போனார். அவர் சொன்னது இது: குண்டு விழுந்த இரவில் ஊர்ச் சாவடியும் எரிந்தது. எந்த வயல் யாருடையது என்பதற்கு ஒரு துண்டுத் தாள் மிஞ்சவில்லை. ஊரார் கூடி, "இது உன்னுடையது, இது என்னுடையது" என்று ஒருவர் கையில் ஒருவர் அடித்துத்தான் எல்லையைத் திரும்பப் போட்டார்கள். இந்த ஊர் நிற்பது கல்லின் மேல் அல்ல, அந்தக் கைகளின் மேல். விளையாட்டுக்கு நீட்டிய கை என்று ஒன்றைத் திரும்ப வாங்கினால், நாளை எவனும் எதையும் விளையாட்டு என்பான்.

"மாடு வெளியூர் போகக் கூடாதுங்கற வழக்கம் என்ன ஆச்சுங்க?"

மேயர் தோளைக் குலுக்கினார். இரண்டு வழக்கம் மோதினால் என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

நியாயமான விலை கொடுக்கிறேன் என்றேன். ஓடெத் வாங்கவில்லை. ஐந்து பிராங்க் நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். வழக்கப்படி சோதித்தபோது மாடு ஐந்து மாதச் சினை. சொன்னேன், அவருக்கு முன்பே தெரியும். மாட்டின் காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் மாடுகள் விமானத்தில் வந்து இறங்கின. பன்னிரண்டும் கொட்டகைக்குப் பழகின. மார்கெரித் பாலை அடக்கிக்கொண்டது. கறவைக்காரர் குல் கான் பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். மாட்டின் மொழி அறிந்தவர். அவராலும் ஆகவில்லை. "டாக்டர் சாப், இதற்கு யாரோ பேச வேண்டும்" என்றார் இந்தியில். வெள்ளிக்கிழமை லீவில் காசிம் பாய் வந்தார். மாட்டிடம் என்ன பேசுவது? நலம் விசாரித்தார், சீதோஷ்ணம் சொன்னார், சரக்குத் தீர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பிரான்ஸ் நதிகளின் பெயரை வரிசையாக ஒப்பித்தார். மூன்றாவது நதியில் பால் இறங்கியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஓடெத் வீட்டில் அது எத்தனை பேச்சுக் கேட்டிருக்கும்!

ஜூலையில் கிடாரிக் கன்று போட்டது. அதே கண்ணாடி வளையம். அர்பாபிடம் முழுக்கதையும் அன்றுதான் சொன்னேன். ஐந்து பிராங்க் என்றதும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கொடுத்த கையைத் திரும்ப வாங்காதவள் பெரிய மனுஷி" என்றார் அரபியில். "அவள் மாட்டை நான் வைத்துக்கொள்கிறேன், அது விற்பனை. கன்று அவளுடையது, அது என் மரியாதை. அனுப்பி வை."

அனுப்ப முடியாது என்றேன். கோமாரி நோய்க்குப் பயந்து வளைகுடா மாட்டை அவர்கள் நாட்டுக்குள் விட மாட்டார்கள். அர்பாப் விடவில்லை.

"கன்று போக முடியாவிட்டால் அந்த அம்மா வரட்டும். கலாஸ், அவ்வளவுதான்."

1978 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை. ஓடெத் வந்து இறங்கினார். கம்பளிக் கோட்டு, கையில் தடி. எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்த்தார்: மணல், ஒட்டகம், ரோட்டில் ஐந்து பாஷை பேசும் ஆட்கள். "இவர்களில் உள்ளூர்க்காரர் யார்?" என்று பாயிடம் கேட்டாராம்.

கொட்டகையில் மார்கெரித் அவர் குரலைக் கேட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். பிறகு கன்றைப் பார்த்தார். "உங்களோடதுங்க" என்று நான் சொல்ல, பாய் மொழிபெயர்த்தார்.

ஓடெத் கை நீட்டிப் பிரெஞ்சில் அழைத்தார். கன்று காதைக்கூட அசைக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். வைக்கோலைக் கடித்துக்கொண்டு நின்றது. வாசலில் இருந்து குல் கான், "ராஷா, ராஷா" என்றார், தம் ஊர்ப் பஷ்தோவில். 'வா' என்று பொருள். கன்று துள்ளிக்கொண்டு அவரிடம் ஓடியது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இவ்வளவு தூரம் வரவழைத்து இதையா காட்டினோம்? பாயும் தரையைப் பார்த்தார். ஓடெத் மட்டும் குல் கானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மடங்காத காலை நீட்டி வைக்கோலில் மெல்ல உட்கார்ந்தார். அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லும்படி குல் கானுக்குச் சைகை காட்டினார். அவர் சொன்னார். ஓடெத் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், தப்பாக வந்தது. திரும்பச் சொன்னார்.

நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்தபோதும் அவர் அங்கேயேதான் இருந்தார். "ராஷா" என்றார், வால்மெர்னி உச்சரிப்பில். கன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு அடி எடுத்து வைத்தது.