மேடையில் தின்ற மீன்

மட்டாஞ்சேரிக் காயல் அந்த மழைக்காலத்தில் அழகாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வெளிக்கடலில் ஒரு கப்பல் கவிழ்ந்து, அதன் எண்ணெய் மெல்ல உள்ளே வந்துவிட்டிருந்தது. குழம்பின் மேல் மிதப்பது போல நீரெங்கும் நிறங்கள் நகர்ந்தன. படகுத்துறையில் நின்று பார்த்தால் கண் சொக்கிப்போகும். என் கணவருக்கோ வயிறு எரிந்தது. குளச்சலிலிருந்து வந்து இங்கே மீன்பிடிக்கப் படகேறியவர். அவருடைய வலை தார் பிடித்துப் பிசுபிசுத்து, இனி உதவாது என்றாகிவிட்டது.

துப்புரவுக்கு வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்து, கரையொதுங்கிய எண்ணெய்க் கசடை மணலோடு வாரிச் சாக்குகளில் கட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். சாக்குகளை யார் எடுத்துப்போவது என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அதற்குள் மழையில் சாக்குகள் கிழிந்து, வாரியதெல்லாம் மறுபடி தண்ணீருக்கே போனது.

எங்களுக்கு வேறு இக்கட்டு. கடல் கெட்டது என்றால்தான் அவர் வலைக்கு நஷ்ட ஈடு. மீன் நல்லது என்றால்தான் என் பொரித்த மீன் கடை ஓடும். ஒரே வீட்டில் இரண்டு கட்சி.

"மீனு நல்லதுன்னு நீ யாருட்டயும் சொல்லாத, கேட்டியா. எனக்க வலை போச்சு."

"அப்பம் கடையப் பூட்டிப் போடவா?"

பிறகு இருவரும் சாயா குடித்தபடி மழையையே பார்த்துக்கொண்டிருப்போம். என்னவோ கனவுக்குள் இருப்பது மாதிரி நாட்கள் போயின.

ஜனங்கள் மீனுக்குப் பயந்தால், தலைவர்கள் மேடையேறித் தின்று காட்டுவது இங்கே வழக்கம். எங்கள் தெருமுனையிலும் பந்தல் போட்டார்கள். பொரிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். இங்கே பிடித்துக் கரைசேர்ந்த அயிலை மீன்தான். மிளகும் மஞ்சளும் தடவி, மொறுமொறுவென்று பொரித்து அடுக்கினேன். தலைவர்கள் கேமராவைப் பார்த்து ஆளுக்கொரு கடி கடித்தார்கள். கை கழுவினார்கள், காரில் ஏறினார்கள். தாம்பாளம் அப்படியே இருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு கைகூட நீளவில்லை.

தின்னவே மாட்டேன் என்று மீனவர் சங்கத்தில் சொல்லிவிட்டுப் பின்னால் நின்றிருந்த என் கணவர், செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், ஒரு மீனை முள் மட்டும் மிஞ்சத் தின்றார். அடுத்ததை எடுத்தார். மழை விட்டு, ஈர வெளிச்சம் பந்தலுக்குள் வந்தது. யாரோ ஒருவர் கை நீட்டினார். அப்புறம் இன்னொருவர்.

மறுநாளிலிருந்து கடைக்கு ஆட்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் நஷ்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரியும் வந்தார். என் கணவர் மேடையில் தின்றதை யாரோ எடுத்திருந்த வீடியோவைத் தன் போனில் போட்டு, கடல் கெட்டது என்கிறவர் இப்படி ருசித்துத் தின்பாரா என்று கேட்டார். வலைக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அதிகாரியின் முகத்திலேயே தெரிந்தது.

என் கணவர் கோபப்படவில்லை.

"கடலு கெட்டுத்தான் கெடக்கு சாரே. ஆனா இவ பொரிச்சு வச்சத ஒருத்தரும் தொடல்ல. நான் எப்படிப் பாத்துட்டு நிப்பேன்?"