ரெண்டாம் பிரேக்கும் அதிமதுரக் குச்சியும்

கார் ஓட்டப் பழக்கும் மாஸ்டருக்கு அவரிடம் படித்தவர்கள் வைத்த பெயர் ‘ரெண்டாம் பிரேக்’. பயிற்சிக் காரில் ஓட்டுபவர் காலடியில் ஒரு பிரேக் உண்டு. பக்கத்து இருக்கையில் மாஸ்டர் காலடியில் இன்னொன்று. இந்த இரண்டாவதை நம்பித்தான் மனிதர் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறார். பழக்கம் முற்றிப்போய், வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி கொஞ்சம் வேகமெடுத்துப் பேசினாலும் அவருடைய வலது கால் தரையை ஓர் அமுக்கு அமுக்கும். அந்த அம்மாள் அதற்காக நின்றதாகச் சரித்திரம் இல்லை.

நாள் முழுக்க உயிரை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ரத்த அழுத்தம் வராமல் வேறென்ன வரும்? வந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார். மாஸ்டர்களுக்கு ஆண்டுதோறும் உடல்தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். அழுத்தம் எல்லை மீறினால் சான்று இல்லை. சான்று இல்லையென்றால் கார் இல்லை. பிறகு சோபாவும் தரையும்தான் கதி.

இந்த நேரம் பார்த்து மைத்துனன் ஒரு பை நிறைய டப்பாக்களோடு வந்து சேர்ந்தான். பூண்டு கேப்சூல், மீன் எண்ணெய், மெக்னீசியம். எல்லாம் இயற்கை என்றான். மைத்துனன் விற்ற எதுவும் இதுவரை செயற்கையாக இருந்ததில்லை. மாஸ்டர் அசையவில்லை. அப்போது அவன் ஒரு வாக்கியம் சொன்னான்.

“மாத்திரை உங்க முதல் பிரேக், மச்சான். இது ரெண்டாவது.”

பெண் எடுத்த வீட்டிலிருந்து ஒருவன் மாஸ்டருடைய தொழிலின் மொழியில் பேசியது அதுவே முதல் தடவை. அதில் மாஸ்டர் விழுந்துவிட்டார்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மாத்திரையை விடாமல் எதைச் சேர்க்கலாம், எது வேண்டாம் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். அவர் காரில் முதல் பிரேக் என்றைக்காவது உருப்படியாக வேலை செய்திருக்கிறதா? அது இருப்பதே மிதிக்கத் தெரியாதவர்கள் காலடியில். காப்பாற்றியது எப்போதும் இரண்டாவதுதான். ஆகவே, தொழில் அனுபவத்தின் உச்சியில் நின்று, முதல் பிரேக்கைக் கைவிட்டார். மாத்திரை அட்டை அலமாரியின் உள்மூலைக்குப் போனது.

பூண்டு சும்மா இருக்குமா? பேசும்போதெல்லாம் எட்டிப் பார்த்தது. மூடிய காருக்குள் தாங்க முடியாமல், மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பழகினார்கள் மாணவர்கள். மனைவி தலையணையின் திசையை மாற்றிக்கொண்டார். அதற்கும் மாஸ்டர் வழி கண்டுபிடித்தார்: அதிமதுரக் குச்சி. காலை முதல் மாலை வரை கடைவாயில் ஒன்று ஊறிக்கொண்டே இருந்தது. அவர் சட்டப்படி அது மருந்தும் அல்ல, உணவும் அல்ல, சும்மா வாய்க்கு.

வீட்டிலிருந்த ரத்த அழுத்தக் கருவியில் எண் ஏறத் தொடங்கியது. மாஸ்டர் கேப்சூலைக் கூட்டினார். இன்னும் ஏறியது. பேட்டரியை மாற்றினார், கையை மாற்றினார், கடைசியில் மனைவி கையில் கட்டிப் பார்த்தார். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவரை மிகவும் புண்படுத்தியது. சான்றுக்கான பரிசோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. விடிந்ததும் பின்மண்டையில் ஒரு பாரம். யாரிடமும் சொல்லவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள் காரில் இருந்தவர் மருந்துக்கடைக்காரம்மா. மாதக்கணக்காகப் பழகியும் ரவுண்டானாவைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்பவர். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று மாஸ்டர் தினமும் அவர் முகத்துக்கு நேராகவே பாராட்டுவார்.

ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து ஒரு லாரி திரும்பியது. மாஸ்டர் கால் தன்னால் இறங்கியது. அதே நொடியில் கண்முன் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி பறந்தது. லாரி இரண்டாகத் தெரிந்தது. கார் நின்றது. லாரி கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

“மாஸ்டர், நீங்க பிரேக் போடலியே.”

“போட்டேனே.”

“நான் போட்டேன். உங்க காலைப் பாருங்க.”

பார்த்தார். கால் ரப்பர் விரிப்பை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. பிரேக் அதற்கு ஒரு சாண் தள்ளி, யாரும் தொடாமல், பளபளவென்று இருந்தது.

பின்னால் ஹாரன்கள் கத்தின. அந்த அம்மா வண்டியை ஓரங்கட்டினார். நெற்றியெல்லாம் வியர்க்க, மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார்.

“என்ன மெல்றீங்க?”

“சும்மா வாய்க்கு.”

“எடுங்க, பாக்கணும்.”

எடுத்தார். கூடவே பூண்டு, டப்பாக்கள், அலமாரியின் உள்மூலை எல்லாம் பேச்சில் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தினமும் தன் கடையில் இதே பொருளை எடுத்துக் கொடுக்கும் அந்த அம்மா குச்சியைப் பார்த்த பார்வையில் இரக்கம் குறைவாகவே இருந்தது.

“மாத்திரையையும் நிறுத்திட்டு, நாள் முழுக்க இதையா? இது உடம்புல உப்பைப் பிடிச்சு வச்சுக்கும், பிரஷரை ஏத்தும். பிரேக்னு நினைச்சு யாரு சார் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சது, நீங்களா நானா?”

அந்த அம்மா கியரைப் போட்டார்.

“சாஞ்சு உக்காருங்க. பெல்ட் போட்டிருக்கீங்கல்ல? நேரா ஆஸ்பத்திரிதான்.”

ரவுண்டானாவில் கண்ணை மூடும் ஒருவர் ஓட்ட, கண் தெரியாத ஒருவர் வழிகாட்ட, அந்தக் கார் போய்ச் சேர்ந்ததை விஞ்ஞானம்தான் விளக்க வேண்டும். வழியெல்லாம் மாஸ்டர் இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். நம்புவதற்கு இருந்தது ஓட்டுபவர் காலடியிலிருந்த முதல் பிரேக் மட்டும்.

ஆஸ்பத்திரியில் எண்ணைப் பார்த்த டாக்டர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. படுக்க வைத்தார், ரத்தம் எடுத்தார். சான்றைப் பற்றி மாஸ்டர் கேட்டதற்கு, முதலில் எழுந்து நடங்கள் என்று பதில் வந்தது. டப்பாக்களையெல்லாம் கொண்டுவரச் சொன்னார். மைத்துனன் கூடவே வந்து, அவற்றை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல் நின்றான். டாக்டர் அவற்றில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதுவும் மாத்திரையோடு, மாத்திரைக்குப் பதிலாக அல்ல. குச்சி குப்பைக்குப் போனது.

சில வாரம் சோபாவில் கழிந்தது. மறுபரிசோதனை நாளில் கையில் அழுத்தக் கருவியின் பட்டை இறுகியது. உப்பிக்கொண்டே போனது.

“காலை எடுங்க,” என்றார் டாக்டர். “தரையை அமுக்காதீங்க. மறுபடி பாக்கணும்.”

மறுபடி பார்த்தார். பேனாவை எடுத்தார். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மாஸ்டர் காலையில் மாத்திரை போடும்போது மனைவி எதிரே உட்கார்ந்து, அது தொண்டையில் இறங்கும்வரை கண் கொட்டாமல் பார்க்கிறார். அந்த அம்மாள் காலடியில் எந்தப் பிரேக்கும் கிடையாது. தேவைப்படவும் இல்லை.