டார்லிங்குக்கு உளுந்தங்களி

அறுபதுகளின் தொடக்கம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் குடியிருந்தோம். என் கணவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்ற வீட்டுக்காரர்களெல்லாம் அங்கேயிருந்து சேலை, சென்ட் பாட்டில் என்று கொண்டுவருவார்கள். இவர் ஒரு வருஷம் நாயைக் கொண்டுவந்து இறக்கினார்!

தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போன கார்கி நாய். நரி மூஞ்சி, விறைத்த காது, நீளமான உடம்பு, அதற்கு நாலு விரற்கடைக் கால். "காலு செய்யும்போது மரம் தீந்துபோச்சோ?" என்று தெருவே சிரித்தது. வாலும் கிடையாது. சந்தோஷம் வந்தால் பின்பக்கத்தையே ஆட்டும். பெயர் டார்லிங், துரையம்மா வைத்ததாம். தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வருமா? "ஏ, உன்னத்தான்" என்றே காலத்தை ஓட்டினேன்.

இவர் இலங்கைக்குத் திரும்பிப் போனபின் அது என் முந்தானையை விட்டு நகரவில்லை. எனக்கும் அது இல்லாமல் சோறு இறங்காது என்றாகிவிட்டது.

மறு வருஷம் வைகாசி முடிகிற சமயம், ஒருநாள் காலையில் கூப்பிட்டேன். முன்கால் வந்தது, பின்கால் வரவில்லை. பின்பக்கத்தை ஆட்ட முடியாமல் காதை மட்டும் ஆட்டியது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பனையோலைக் கடகப்பெட்டியில் வைத்துத் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "இடுப்புல பலம் இல்லம்மா. வயித்துக்கு அடியில துண்டைக் கொடுத்துத் தூக்கி நடக்க வைங்க. தினமும் தண்ணியில நீந்த விடுங்க. ரெண்டு மாசம் பாப்போம். எந்திரிக்கலேன்னா ஊசி போட்டு முடிச்சிருவோம். கஷ்டப்படக் கூடாதுல்லா?" என்றார். இவர் ஆவணியில் வரப்போகிறார். கடிதத்தில் "டார்லிங் சுகம்" என்று பொய் எழுதினேன்.

நல்லவேளை, சாரல் தொடங்கி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. தினமும் மத்தியானம் பெட்டியோடு குற்றாலம் பஸ் ஏறுவேன். கண்டக்டர் நல்ல மனுஷர். நாயை ஏற்றக் கூடாது என்று சொல்லவில்லை. பெட்டியைத் தானே வாங்கி உள்ளே வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடுவார். இரண்டு காதும் துண்டுக்கு மேலே நிற்கும். அருவிக்குக் கீழே ஆறு அமைதியாக ஓடும் இடத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு அதை நீந்த விடுவேன்.

டாக்டர் சொன்னதோடு நான் நிறுத்தவில்லை. இடுப்புக்குப் பலம் என்றால் எங்கள் பக்கத்தில் உளுந்தங்களியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டி, காலையிலும் சாயங்காலமும் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். சட்டியையும் நக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்கும். இன்னும் ஒரு உருண்டை போடுவேன். ஒரு மாதமாகியும் கால் அசையவில்லை. பலம் போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணெயைக் கூட்டினேன்.

ஒருநாள் கண்டக்டர் பெட்டியைத் தூக்கியவர், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதிய. போன மாசம் ஒத்தக் கையில தூக்குனேன். இப்ப எனக்கே இடுப்பு பிடிக்கி. என்னத்தப் போடுதிய இதுக்கு?"

"உளுந்தங்களி" என்றேன் பெருமையாக.

பஸ் முழுக்கச் சிரிப்பு. "அது வயசுக்கு வந்த பிள்ளைக்குல்லா யக்கா கொடுப்பாவ! இந்தக் குட்டக் காலு, இம்புட்டு வயித்தையும் சுமக்கணும்னா என்ன செய்யும்?" என்றார் கண்டக்டர்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். ரோஷக்காரி இல்லையா! இரண்டு நாள் பெட்டியை இடுப்பில் சுமந்து நடந்தே போனேன். அரை மைலுக்குள் மூச்சு வாங்கியது. என்னாலேயே சுமக்க முடியாததை அந்தக் கால் எப்படிச் சுமக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள் ஸ்டாப்பே இல்லாத இடத்தில் அந்த பஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

அன்றோடு களி நின்றது. கொஞ்சம் மோர்ச்சோறு, வெந்த காய், அவ்வளவுதான். அது பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வேன். வயிறு வற்ற வற்ற, தண்ணீருக்குள் பின்கால் துடிக்க ஆரம்பித்தது. ஆடி கடைசியில் ஒருநாள் துண்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது. அது தானாகக் கரையேறி, நாலு காலில் தள்ளாடி நின்று பின்பக்கத்தை ஆட்டியது. எனக்கு வெட்கமாவது, மானமாவது! "டார்லிங்! இங்கன வாலே!" என்று கத்தினேன். துவைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவணியில் இவர் வந்தபோது அது தெருவாசல் வரை நடந்து போனது. "எம் பொண்டாட்டி வைத்தியம்" என்று ஊரெல்லாம் இவர் சொல்லித் திரிய, நான் களியைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போதும் பேத்தி "போதும் ஆச்சி" என்று தட்டை மறைத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். ஆனால், போதும் என்று சொல்லத் தெரியாத அந்த ஜீவனுக்காக நானல்லவா போதும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை மனதைக் குத்துகிறது.